கம்பளியின் கணக்கு

மலைநாட்டுப் பாடசாலை ஒன்றிலே விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர், ‘கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, உடலின் சூடு வெளியேறாவண்ணம் தடுக்கின்றது, அவ்வளவே’ என்று கரும்பலகையில் எழுதுகின்றார். மாணவன் அதனை மனனஞ் செய்துகொண்டு வீடு செல்கின்றான். வீட்டிலே, அடுப்படியில் குந்தியிருக்கும் அவனுடைய அப்பாயி வேறொரு பாடம் சொல்கின்றாள்: “கம்பளிக்குச் சூடு இருக்குப்பா. அடுப்புல காய்ஞ்ச கம்பளியப் போட்டுக்கிட்டுப் பனிக்குள்ள எறங்கினா, அப்பதான் அது சுடும்.” பனிக்குள் இறங்கினால் கம்பளி சுடுமாம்! பையன் சிரிக்கின்றான். படித்தவன் அல்லவா?

இவ்விருவருள் யார் கூற்று மெய்? நாம் நெடுங்காலம் கரும்பலகையின் பக்கமே நின்றோம். அனுபவத்தை விடப் பாடநூல் உயர்ந்தது என்பது நம்முள் ஊறிப்போன நம்பிக்கை. ஆயின், இழைகளைப் பற்றிய விஞ்ஞானத்தை ஆழ்ந்து நோக்குமிடத்து, அக்கிழவியின் சொல்லே முழு உண்மைக்கு அண்மையில் நிற்பதைக் காண்கின்றோம். இச்சிறு முரண்பாட்டை அற்பமென ஒதுக்கிவிடுதல் தகாது. ஒரு கறுப்புக் கம்பளியைப் பிரித்துப் பார்த்தால், அதன் இழைகளுக்குள்ளே இயற்கையின் விதியும் இருக்கின்றது. தோட்டத்தின் கணக்கேடும் இருக்கின்றது.

ராகலையை அறிந்தோர் அதன் குளிரையும் அறிவர். கடல் மட்டத்துக்கு ஐயாயிரம் அடிக்கும் மேலே, நுவரெலியாவிலிருந்து கந்தப்பளையைக் கடந்து உடப்புசல்லாவையை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த ஊர் அது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நாட்கணக்காக மூடுபனி மலையை விட்டு அகலாது. மழை பெய்கின்றதா, மேகமே தரையில் தவழ்கின்றதா என்று பிரித்தறிய முடியாத காலை வேளைகள் அவை. காற்றிலே நீராவி இனி ஏற இடமில்லை என்னும் அளவுக்கு நிறைந்திருக்கும். இம்மலைகளின் தேயிலையை இறக்குவதற்காக நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை 1903–04 ஆம் ஆண்டுகளில் ஒரு சிற்றகல இருப்புப்பாதையே அமைத்தார்கள். 1940களில் அதனைக் கழற்றி எடுத்தும் விட்டார்கள். தேயிலைக்கு வண்டி வந்தது. தேயிலையைக் கொய்தவர்களுக்கு எது வந்தது?

அவர்கள் வெப்பம் மிகுந்த சமவெளிகளிலிருந்து வந்தவர்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளின் வறண்ட கிராமங்களிலே பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணியின் பின்னே புறப்பட்டார்கள். 1914 இல் தலைமன்னாருக்குப் புகைவண்டியும் கப்பலும் இணைக்கப்படும் முன்னர், மன்னார்க் கரையில் இறங்கி, வடபகுதிக் காட்டினூடே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தவர்களே அநேகர். வழியிலே மாண்டவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை. முதலில் கோப்பித் தோட்டங்கள். 1869 இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிவைத்த தேயிலை. கோப்பி பருவத்துக்குரிய பயிர்; தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆகவே தொழிலாளியும் ஆண்டு முழுவதும், எல்லா மழையிலும் எல்லாப் பனியிலும், மலையிலே நிற்க வேண்டியவரானார். உடுத்தி வந்ததோ பருத்தி வேட்டியும் சேலையும். அவற்றின் மேலே ஏறியதுதான் கம்பளி.

பழைய நிழற்படங்களிலே நாம் அதனைக் காண்கின்றோம். தலைமேல் கொங்காணியாக மடித்துப் போட்ட முரட்டுக் கம்பளி, அதன்மேல் நெற்றியை அழுத்தும் கூடைக்கயிறு, முதுகிலே கூடை. வெள்ளைத் துரைமாரின் ஆங்கிலத்திலும் ‘கம்பிளி’ என்று அச்சொல் புகுந்தது. 1886 இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கில-இந்தியச் சொல்லகராதியில் அதற்கு இடம் உண்டு. பெல்லாரி, மைசூர்ப் பகுதிகளிலே ஆடு மேய்த்த குறும்பர்கள் கத்தரித்த உரோமத்தைக் கையால் நூற்று, புளியங்கொட்டைக் கூழிலே நனைத்து விறைப்பேற்றி நெய்த கம்பளிகள் தென்னாடு முழுவதும் பெயர் பெற்றவை. மேய்ப்பன் மழையிலும் பனியிலும் வெளியே நிற்பவன். அவனுடைய ஆடை இன்னது செய்யும் என்பதை அவன் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தான்.

அது செய்வதுதான் என்ன? இங்கேதான் விஞ்ஞானத்தின் வரலாற்றுக்குள் சிறிது செல்ல வேண்டியுள்ளது.

மயிருக்கும் நீராவிக்கும் உள்ள உறவை ஐரோப்பிய அறிஞர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கவனித்துவிட்டனர். ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்பார் 1783 இல் காற்றின் ஈரத்தை அளக்க மனித மயிரையே கருவியாக்கினார். ஈரம் ஏற ஏற மயிர் நீள்கின்றது என்பதே அக்கருவியின் தத்துவம். 1822 இல் பிரெஞ்சு அறிஞர் பூயே, உலர்ந்த பொருள்களை நனைத்தால் வெப்பம் பிறக்கின்றது என்றும், தாவரங்களிலிருந்தும் விலங்குகளிலிருந்தும் வரும் பொருள்களிலே அவ்வெப்பம் மிகுதி என்றும் கண்டார். 1904 இல் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்து இரசாயனப் பேராசிரியர் ஓர்ம் மாசன், உலர்ந்த பஞ்சு சுற்றிய வெப்பமானியை நீராவி நிறைந்த கலத்துள் வைத்து, வெப்பநிலை ஏறுவதை ஆராய்ந்தார். 1940 ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தின் லீட்சு நகரில் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காசி முதலானோர், இவ்வெப்பம் துணியினூடே அலைபோல் எவ்வாறு பரவுகின்றது என்பதைக் கணிதத்தால் விளக்கினர். அப்பாயி சொன்னதை ஆய்வுகூடம் ஒப்புக்கொண்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. நமது கரும்பலகைக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

இதன் காரணம் எளிதிற் புரியக்கூடியதே. ஆட்டின் உரோமம், மனிதனின் மயிர், பருத்தி, சணல், தேயிலை இலை யாவும் பல்பகுதியங்களால் ஆனவை. சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கிற் சங்கிலியாகக் கோத்து நிற்பதே பல்பகுதியம். இக்கருத்தை 1920 இல் முன்வைத்த ஸ்ரோடிங்கர் 1953 இல் நோபல் பரிசு பெற்றார். பருத்தியின் சங்கிலி செலுலோசு. உரோமத்தின் சங்கிலியோ கெரற்றின் என்னும் புரதம். அச்சங்கிலியின் நீளம் முழுவதும் நீரை விரும்பிப் பற்றிக்கொள்ளும் அணுக்கூட்டங்கள் அமைந்துள்ளன. காற்றிலே தன்போக்கில் ஓடித்திரியும் நீராவியின் மூலக்கூறு ஒன்று இழைக்குள் நுழைந்து இக்கூட்டங்களிலே பற்றிக்கொள்ளும்போது அதன் ஓட்டம் அடங்குகின்றது. ஓட்டத்திலிருந்த சக்தி எங்கே போகும்? வெப்பமாக வெளிப்படுகின்றது. நீரை ஆவியாக்க நாம் அடுப்பிலே கொடுத்த மறைவெப்பம், ஆவி மீண்டும் அடங்கும்போது திரும்பி வருகின்றது. இழையோடு பிணைவதனால் இன்னும் சிறிது கூடுதலாகவும் வருகின்றது.

உரோமத்துக்கு இங்கே ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதன் மேற்செதில்களிலே மெல்லிய கொழுப்புப் படலம் இருப்பதால் நீர்த்துளி எளிதில் ஒட்டாது. ஆயின் ஆவி உள்ளே நுழையும். தூறல் வெளியே உருண்டோட, ஆவி உள்ளே புகுந்து சூடு தருகின்றது. உலர்நிறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு எடையளவு நீராவியை ஏற்ற பின்னரும் உரோமம் கைக்கு நனைந்ததாகத் தோன்றாது. பருத்தி ஏற்பது அதனினும் குறைவு.

கணக்கிட்டுப் பார்ப்போம். உலர்நிறை ஒரு கிலோவாகவுள்ள ஒரு கம்பளி, இரவெல்லாம் அடுப்படியிலே காய்ந்து கிடக்கின்றது. அங்கே காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 45 எனக் கொண்டால், உரோமத்திலே உள்ள நீர் அதன் உலர்நிறையின் நூற்றுக்கு 10 அளவாகும். விடியலிலே அதைப் போர்த்துக்கொண்டு, சாரீரப்பதன் நூற்றுக்கு 95 ஆக உள்ள குளிர்ந்த பனிமூட்டத்துக்குள் ஒருவர் இறங்குகின்றார். கம்பளியின் நீரளவு சிறிது சிறிதாக நூற்றுக்கு 27 வரை ஏறும். வித்தியாசம் 170 கிராம். கிராமொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி வீதம், வெளிப்படும் வெப்பம் ஒரு லட்சம் கலோரி. ஒன்றேகால் லீற்றர் நீரை இருபது பாகையிலிருந்து கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது! ஓய்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பத்தினும் அதிகம். இதில் ஒரு பகுதி வெளிக்காற்றோடு போய்விடும் என்பது உண்மையே. எஞ்சியது, குளிரின் முதல் தாக்குதலை உடல் தாங்கிக்கொள்ளும்வரை உதவுகின்றது. பிரட்டுக்களத்துக்கு நடக்கும் அந்த முதற்பொழுதிலே கம்பளி வெறும் தடுப்பாக மட்டும் நின்றதன்று. மெய்யாகவே சூடு தந்தது.

ஐயமுள்ள ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு வெப்பமானியின் குமிழைக் கம்பளித் துண்டால் சுற்றி, அடுப்பருகே நன்றாக உலர்த்தி, அறையின் வெப்பநிலைக்கு ஆறும்வரை மூடிய போத்தலிலே வையுங்கள். பின்பு, அடியில் சிறிது நீர் ஊற்றி மூடிவைத்த, அதே வெப்பநிலையிலுள்ள வேறொரு போத்தலுக்குள், நீரைத் தொடாதவாறு தொங்கவிடுங்கள். வெப்பமானி சில பாகை ஏறுவதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். அன்று அப்பாயியைப் பார்த்துச் சிரித்த பையன் அடுத்த நாள் சிரிக்கமாட்டான்.

இத்துடன் கட்டுரையை நிறுத்திவிட்டால், அது இயற்கையை வியக்கும் கட்டுரையாக மட்டுமே முடியும். நாம் மேலே போக வேண்டும். ஏனெனில் கம்பளி தரும் சூடு இலவசமன்று. ஆவியை நிறைய உண்ட கம்பளி மேலும் சூடு தராது. அதை மீண்டும் உலர்த்த வேண்டும். உலர்த்துவதற்கு, அது தந்த அதே அளவு வெப்பத்தை அடுப்பு திருப்பிக் கொடுக்க வேண்டும். அதாவது, கம்பளி இரவிலே அடுப்பிடம் கடன் வாங்குகின்றது. காலையிலே அக்கடனை மனிதனிடம் செலுத்துகின்றது. நேர்மையான கணக்கு, வட்டியும் இல்லை, களவும் இல்லை. ஆனால் அதற்கு இரண்டு பொருள் இன்றியமையாதன: உலர்ந்த அறை, போதிய விறகு.

லயக்காம்பராவிலே இவை இருந்தனவா? பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவினதான ஓர் அறை. அதிலே ஒரு குடும்பம், சில வேளைகளில் ஒன்றுக்கு மேலும். ஒழுகும் தகரக் கூரை, காற்றோட்டமற்ற சுவர், புகை போக வழியில்லாத அடுப்பு. நாள் முழுவதும் நனைந்த கம்பளி, ஐந்தாறு பேர் மூச்சுவிடும் ஈரக் காற்றிலே எவ்வாறு உலரும்? அடைமழைக் காலத்திலே நேற்றைய ஈரத்தோடு இன்று மலைக்குப் போதல் வழக்கமாயிற்று. ஈரக்கம்பளி சூடு தராததோடு, உலரும்போது உடலின் சூட்டையே பறித்துக்கொள்ளும். பாரம்; நாற்றம்; சொறி. நாம் கம்பளியைக் காவியப் பொருளாக்க விரும்பவில்லை. நிமோனியா, தோட்டத்து மக்களைக் கொன்ற முதன்மையான நோய்களுள் ஒன்றாக நெடுங்காலம் இருந்தது. அந்நோய் கிருமியால் வருவது மெய்யே. ஆயினும் பசித்த உடலும், நெருக்கமான காம்பராவும், உலராத துணியும் அக்கிருமிக்கு வழி திறந்துவிட்டன அன்றோ?

கம்பளியின் கணக்கு நேர்மையானது என்றோம். இனித் தோட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். அரிசியும் கம்பளியும் தோட்டம் வழங்கியவையே. ஆனால் தானமாக வழங்கியவை அல்ல. அவற்றின் விலை தொழிலாளியின் பெயரிலே பற்றாக எழுதப்பட்டுக் கூலியிலே கழிக்கப்பட்டது. ஊரிலிருந்து புறப்பட்ட நாளின் செலவு, கங்காணி கொடுத்த முன்பணம், அரிசி, கம்பளி என்று கடன் ஏறியது. கடனின் மொத்தத்தைக் குறித்த சிறு தாளே ‘துண்டு’. அத்துண்டைக் கொண்டு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மனிதர்கள் கைமாறினர். கடனைத் தீர்க்காமல் விலகுதல் அரிது. முன்னறிவித்தலின்றி விலகினாலோ, 1865 ஆம் ஆண்டின் வேலையாள் சட்டத்தின்கீழ் சிறை. பனியிலே நடுங்காதிருப்பதற்காகப் போர்த்திய துணியே, மலையை விட்டு அசையாதிருக்கக் கட்டிய கயிற்றின் ஓர் இழையாயிற்று.

இதே மலையிலே, இதே நீராவியைப் பற்றித் தோட்ட நிருவாகத்துக்கு நுட்பமான அறிவு இருந்தது என்பதுதான் இங்கே சிந்திக்கத்தக்கது. தேயிலையும் உயிர்ப் பல்பகுதியங்களால் ஆன பொருளே. பச்சைக் கொழுந்தின் எடையில் முக்காற்பங்கு நீர். அதை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, சூடான காற்றிலே உலர்த்தி நூற்றுக்கு 3 அளவுக்கு நீரைக் குறைத்தால்தான் தூள் கெடாது நிற்கும். உலர்ந்த தூளோ கம்பளியைப் போலவே காற்றிலுள்ள ஆவியை ஆவலோடு உறிஞ்சும். உறிஞ்சினால் மணம் போகும், பூஞ்சணம் பிடிக்கும், விலை விழும். ஆகவே தொழிற்சாலையிலே ஈரக் குமிழும் உலர் குமிழும் கொண்ட வெப்பமானி தொங்கியது. உலர்த்தும் அடுப்புக்கு மலை மலையாக விறகு அடுக்கப்பட்டது. ஆவி புகாதபடி உள்ளே ஈயத்தகடு வேய்ந்த மரப்பெட்டிகள் செய்யப்பட்டன. லண்டன் சந்தையை அடையும்வரை ஒரு துளி ஈரமும் ஏறாத பாதுகாப்பு! காற்றின் ஈரம் ஒரு பொருளை என்ன செய்யும் என்று துரைமார் அறியாதவர் அல்லர். தேயிலைக்காக அறிந்தார்கள், மனிதருக்காக அறிய மறுத்தார்கள். தொழிற்சாலையிலே அளக்கப்பட்ட ஈரம், லயத்திலே அளக்கப்படவில்லை. அறியாமையை மன்னிக்கலாம்; அறிவின் இப்பங்கீட்டை எவ்வாறு மன்னிப்பது?

இக்கணக்கேடு தானாகத் திருந்தியதன்று. சேர். பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் தொடங்கிய தொழிலாளர் நலச் சங்கம் தோட்டத் தொழிலாளரின் அடிமைநிலையைப் பொதுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. 1921 இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டு விலகியோரைச் சிறையிலிடும் விதிகளும் 1920களின் தொடக்கத்திலேயே நீங்கின. கோ. நடேசையர் பேனாவாலும் பேச்சாலும் தொழிலாளரை விழிப்பித்து, 1931 இல் அவர்களுக்கென ஒரு சம்மேளனத்தை நிறுவினார். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை அடுத்து, உயர்மலைத் தோட்டங்களிலே ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நாட்கூலி வகுக்கப்பட்டது. ஒரே மலை, ஒரே பனி. கொழுந்தெடுப்பவருள் மிகப் பெரும்பாலோரான பெண்களுக்கோ பதினொரு சதம் குறைவு! குளிர் மட்டும் ஆண், பெண் என்று பார்த்து வீசவில்லை.

பின்னர் கம்பளி மெல்ல மெல்ல மறைந்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறினவேயன்றிக் கொழுந்தெடுப்பவரின் தோள்மீது கம்பளிக்கு ஈடான ஒன்று வந்து சேரவில்லை. இடுப்பிலே படங்கு, தலையிலே சாக்கு அல்லது பொலித்தீன் தாள். சணற்சாக்கும் ஆவியை உறிஞ்சிச் சூடு தருவதே. ஆயின் மழையில் ஊறிவிட்டால் அது வெறும் பாரம். பொலித்தீனும் பல்பகுதியமே, ஆனால் ஆலையிலே பிறந்த அச்சங்கிலியில் நீரைப் பற்றும் கூட்டங்கள் இல்லை. மழையையும் காற்றையும் தடுக்கும். ஆவியை ஏற்காது, சூடு தராது. உள்ளே வியர்வையைத் தேக்கி உடலை ஈரமாக்கும். மலிவானது என்பதே அதன் பெருமை. பழைய கம்பளி இருந்த இடத்திலே, அதனிலும் நல்லது வரவில்லை. அதனிலும் மலிவானதே வந்தது.

கம்பளிக் காலத்துக்குத் திரும்பவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கடனாக எழுதப்பட்ட போர்வையை எவரும் ஏங்கிக் கேட்கமாட்டார். நாம் சொல்ல விரும்புவது வேறு. ஒரு துணி சூடு தருவதும் தராததும் துணியை மட்டும் பொறுத்ததன்று. அது உலரும் அறையைப் பொறுத்தது. அறையின் கூரையைப் பொறுத்தது. அடுப்பின் விறகைப் பொறுத்தது. வேலைக்குரிய ஆடையும் உலர்ந்த வீடும் கூலியிற் கழிக்கும் சலுகைகள் அல்ல. மழையிலே நின்று நாட்டுக்குச் செல்வம் தேடுவோரின் உரிமைகள். தேயிலைப் பெட்டிக்கு வேய்ந்த ஈயத்தகட்டின் அக்கறையிலே பாதியேனும் லயத்துக் கூரைக்குக் கிடைத்திருந்தால், எத்தனை குழந்தைகள் உயிர் தப்பியிருக்கும்!

ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு கடமை உண்டு. அடைமழைக் காலையிலே முதற்பாடம் நடத்தும்போது, பின்வாங்கிலே ஈரச் சட்டையோடு நடுங்கியபடி அமர்ந்திருக்கும் பிள்ளையை நாம் அறிவோம். ‘கவனமில்லை’ என்று அப்பிள்ளையை ஏசியவர்களும் நாமே. உலராத சட்டை தன் உடற்சூட்டைப் பறிக்கின்றது என்பதை அறியாமலே அப்பிள்ளை கம்பளிப் பாடத்தை மனனஞ் செய்கின்றது. இனி அப்பாடம் வரும்போது, கரும்பலகையிலே எழுதிய அந்த வாக்கியத்தோடு நிறுத்தாதிருப்போம். போத்தலும் வெப்பமானியும் மேசைக்கு வரட்டும். அப்பாயி சொன்னதை வகுப்பிலே சொல்லுமாறு பையனை எழுப்பி நிறுத்துவோம். பிறகு, அக்கம்பளியின் விலையை யார் கொடுத்தார் என்று கேட்போம்.